சிப்பிப்பாறை, கன்னி நாய் வாங்கப் போகிறீர்களா? காட்டுப்பன்றிக்காக என்றால் முதலில் இதைப் படியுங்கள்

பூதப்பாண்டி பக்கத்தில் வாழை விவசாயிகளுக்கான ஒரு பயிற்சி முடிந்து கிளம்பும் நேரத்தில் ஒருவர் கைப்பேசியை நீட்டினார். "மேடம், இந்த நாய் எங்க கிட்டும்? பன்னி வந்தா நிக்குமா?" என்றார். படத்தில் இருந்தது ரஷ்யாவின் போர்சாய். ஆள் இடுப்புக்கு வரும் உயரம், பட்டு நூல் போன்ற நீண்ட முடி, ஊசி போல நீண்ட முகம். அவருடைய ஏத்தன் வாழையில் குலை தள்ளும் பருவத்தில் ஒரே இரவில் பன்றிக் கூட்டம் புகுந்து, பக்கக் கன்றுகளோடு சேர்த்து அடியைத் தோண்டிப் போட்டிருந்தது. ஓநாயையே பிடிக்கும் நாய் என்று காணொளியில் சொன்னதால் பன்றி எம்மாத்திரம் என்று நினைத்திருக்கிறார்.

கடுக்கரை, காட்டுப்புதூர், தடிக்காரன்கோணம் என்று மலையை ஒட்டிக் கிடக்கும் விளைகளில் வாழையும் மரச்சீனியும் போட்டவர்கள் பலருக்கும் இதே யோசனை இருக்கிறது. சிலர் வெளிநாட்டு நாய் கேட்கிறார்கள். பலர் சிப்பிப்பாறை அல்லது கன்னி கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கே விரிவாக எழுதுகிறேன். நான் பயிர்த் துறையைச் சேர்ந்தவள், கால்நடை மருத்துவர் அல்ல. அதனால் மருந்தின் பெயரும் அளவும் இதில் இருக்காது. அவற்றை உங்கள் கால்நடை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

போர்சாயும் சிப்பிப்பாறையும் ஒரே வேலைக்காரர்கள்

போர்சாய் என்ற ரஷ்யச் சொல்லுக்கு வேகமானது என்று பொருள். அமெரிக்காவில் 1936 வரை இதை ரஷ்ய ஓநாய் நாய் என்றே அழைத்தார்கள். ஆண் நாய் தோள்பட்டை வரை 75 முதல் 85 செ.மீ. உயரம் வரும். ஜார் மன்னர் காலத்தில் பிரபுக்கள் நூற்றுக்கணக்கில் வளர்த்தார்கள். பனி படர்ந்த திறந்த வெளியில் இரண்டு மூன்று நாய்களைச் சேர்த்து அவிழ்த்துவிடுவார்கள். அவை ஓநாயைத் துரத்திப் பிடித்து அமுக்கி வைத்திருக்கும். பின்னால் குதிரையில் வரும் ஆள்தான் மீதி வேலையைப் பார்ப்பான். 1917 புரட்சிக்குப் பிறகு பிரபுக்களின் பண்ணைகளோடு இந்த நாய்களும் பெருமளவு அழிந்தன. ஏற்கெனவே வெளிநாடுகளுக்குப் போயிருந்த நாய்களால்தான் இனம் தப்பியது.

நம் சிப்பிப்பாறையும் கன்னியும் இதே வகைதான். மோப்பத்தை நம்பி மெதுவாகப் போகும் நாய்கள் அல்ல. கண்ணில் பட்டதை வேகத்தால் பிடிக்கும் நாய்கள். சிப்பிப்பாறை என்பது விருதுநகர் மாவட்டத்தில் உள்ள ஊரின் பெயர். செவலை, சாம்பல், மறை என்று பல நிறத்தில் வரும். கருப்பு உடலும் காலிலும் மார்பிலும் பழுப்பும் உள்ளதைக் கன்னி என்பார்கள். விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலி கரிசல் காட்டில் முயல் துரத்துவதற்காகத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்தவை. ராஜபாளையம் இவற்றைவிட உயரமும் எடையும் கூடியது. வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு. கர்நாடகத்தின் முதோல், உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர் ஆகியவையும் இந்தக் குடும்பம்தான். பட்டு முடிதான் வேண்டும் என்றால் தக்காணத்தில் பஷ்மி என்ற நாய் இருக்கிறது. காதிலும் வாலிலும் மென்முடி தொங்கும்.

இவற்றுக்கு இப்போது நல்ல பெயர் கிடைத்திருக்கிறது. 2005ல் அஞ்சல் துறை நாய் இனங்களுக்கு வெளியிட்ட அஞ்சல்தலைகளில் ராஜபாளையமும் இடம்பெற்றது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை நாய்களைப் பெயர் சொல்லிப் பேசினார். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவள அமைப்பும் ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் ஆகியவற்றைத் தனி இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. இவை நல்ல செய்திகள். கூடவே விலை ஏறியது, தேவை ஏறியது, கிரேஹவுண்ட் கலந்த குட்டியைச் சிப்பிப்பாறை என்று விற்பதும் ஏறியது.

பன்றியின் முன்னால் இந்த நாய் ஏன் தோற்கிறது

இந்த நாய்களின் பலம் மூன்று: திறந்த வெளி, பகல் வெளிச்சம், ஓடும் இரை. நீண்ட கால், ஆழமான மார்பு, வில்லாக வளையும் முதுகு எல்லாம் அரை நிமிடம், ஒரு நிமிடம் உச்ச வேகத்தில் ஓடுவதற்காக அமைந்தவை.

காட்டுப்பன்றியின் கணக்கு வேறு. அது இரவில் வரும், கூட்டமாக வரும். பார்வை மந்தம்; மோப்பமும் செவியும் கூர்மை. வாழைத் தோட்டத்துக்குள் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. கண்ணை நம்பி ஓடும் நாய் அங்கே என்ன செய்யும்? ஒன்று, பன்றி வந்ததே தெரியாமல் படுத்திருக்கும். இந்த வகை நாய்களில் பல அதிகம் குரைக்காதவை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அல்லது, கிட்டத்தில் கண்டுவிட்டு ஓசையில்லாமல் பாயும். வளர்ந்த ஆண் பன்றி எளிதாக 80, 100 கிலோ இருக்கும். கோரைப்பல் கத்தி மாதிரி. நாயின் எடை 20 கிலோ சொச்சம், தோலும் மெல்லியது. வயிறு கிழிந்து, வாழை நாரால் கட்டிய துணியோடு தூக்கிக்கொண்டு வந்த சிப்பிப்பாறை ஒன்றை நானே பார்த்திருக்கிறேன். தையல் போட்டுப் பிழைத்தது. அதற்குப் பிறகு அது இரவில் வீட்டைவிட்டு இறங்கவில்லை என்று உடையவர் சொன்னார். புத்தியுள்ள நாய்.

விளையைச் சுற்றி முள்கம்பி வேலி இருந்தால் ஆபத்து இன்னொரு மடங்கு. வேகமாகப் போகும் நாய் கம்பியைக் கடைசி நொடியில்தான் பார்க்கும். நாட்டு நாய்க்குக் கீறலோடு போவது இதற்குத் தோல் உரிந்து தொங்கும் அளவுக்கு ஆகிவிடும்.

காவலுக்கு நாய் வேண்டும் என்றால் தேவை கடிக்கும் நாய் அல்ல, கத்தும் நாய். அதற்கு நம் ஊர் நாட்டு நாயே போதும். இரண்டு குட்டிகளை எடுத்து, தடுப்பூசி போட்டு, குடும்பக் கட்டுப்பாடு செய்து, வேலிக்கு உள்ளே பழக்குங்கள். அவை சத்தம் கேட்டுக் குரைக்கும்; நீங்கள் டார்ச் அடித்து, தகரம் தட்டினால் பன்றி ஒதுங்கும். இனநாய்தான் வேண்டும் என்று நினைப்பவர்களுக்குத் தேனி மாவட்டத்துக் கோம்பை பொருத்தமானது. உடல் கட்டும் காவல் குணமும் அதிகம். ஆனால் முன்கோபி, வேலையாட்கள் வந்து போகும் விளையில் கவனம் வேண்டும். மலையடிவாரத்தில் எந்த நாயையும் இரவில் வெளியே தனியாகச் சங்கிலியில் கட்டிப் போடாதீர்கள். சிறுத்தைக்கு நாய் பிடித்தமான இரை. கட்டிக் கிடக்கும் நாய்க்கு ஓடவும் வழியில்லை.

நாய் எதுவாக இருந்தாலும் பயிரைக் காப்பது வேலிதான். சூரிய மின்வேலிக்கு வேளாண் பொறியியல் துறை மானியம் தருகிறது. மின்வேலிகளுக்கு 2023ல் தமிழக அரசு விதிகள் கொண்டுவந்திருப்பதால், காட்டை ஒட்டியுள்ளவர்கள் வேலி போடும் முன் வனத்துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் கொடுப்பது குற்றம். அதில் செத்தது பன்றியைவிட மனிதர்கள்தானோ என்று சில நேரம் தோன்றும். பயிர்ச் சேதம் ஆனால் தோண்டிய இடத்தைச் சரி செய்வதற்கு முன்பே படம் எடுத்து, வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுங்கள். நாலு நாள் கழித்துப் போனால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் பலர் தெரியாமல்தான் மாட்டுகிறார்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972ல் வந்தது. அதில் வேட்டை என்பதற்கான விளக்கத்தில் கொல்வது மட்டும் இல்லை. பிடிப்பது, நாயை விட்டுத் துரத்துவது, கண்ணி வைப்பது, பொறி வைப்பது, விரட்டி ஓட்டுவது, இரை வைத்து இழுப்பது எல்லாம் வேட்டைதான். அதற்கான முயற்சியும் வேட்டைதான். முயல் ஒன்றும் பிடிபடாவிட்டாலும், நாயோடு முயல் துரத்தப் போனதே குற்றம். முயலும் காட்டுப்பன்றியும் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள விலங்குகள்.

உங்கள் வேலிக்குள் நாய் குரைத்துப் பன்றி ஓடுவது ஒன்று. நாயை அவிழ்த்துக் காட்டுக்குள் ஏவிவிட்டு, அதைக் கைப்பேசியில் எடுத்துப் பரப்புவது வேறொன்று. இரண்டாவதற்குச் சாட்சி வேறு யாரும் வேண்டாம், உங்கள் காணொளியே போதும்.

"பன்றியைச் சுட அரசு அனுமதி கொடுத்துவிட்டதே" என்று கேட்பவர்கள் உண்டு. 2025 ஜனவரியில் அரசு அறிவித்த முறை இது: காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடலாம், அதுவும் வனத்துறையினர் மட்டும். மலையை ஒட்டிய விளைகள் பெரும்பாலும் முதல் இரண்டு வரம்புக்குள் வந்துவிடும். விவசாயி துப்பாக்கி எடுக்கவோ நாயை ஏவவோ இதில் இடமில்லை.

இன்னும் மோசமானது அவுட்டுக்காய். பழத்துக்குள் நாட்டு வெடி வைத்துப் பன்றி வரும் வழியில் போடுவது. பன்றி கடிக்கும் முன்பே உங்கள் நாயோ பக்கத்து வீட்டு மாடோ கடித்துத் தாடை சிதறும். அதைச் சரி செய்ய எந்த மருத்துவராலும் முடியாது. அக்கம்பக்கத்தில் யாராவது வைப்பது தெரிந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். சொந்தக்காரராக இருந்தாலும்தான்.

பிடித்திருக்கிறது, வளர்க்க ஆசை என்றால்

காவலுக்கு இல்லை, நம் மண்ணின் நாய், வீட்டோடு வளர்க்க ஆசை என்று சொல்பவர்களை நான் தடுப்பதில்லை. சொல்லப்போனால் இந்த இனங்கள் நிலைக்க அப்படிப்பட்டவர்கள்தான் வேண்டும். போர்சாயை மட்டும் விட்டுவிடுங்கள். நீண்ட முடி, ரஷ்யக் குளிருக்கு ஆனது. இங்கே ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மழை, நடுவில் வேர்வை. அந்த முடிக்குள் உண்ணியும் பூஞ்சையும் குடியேறினால் கண்ணுக்கே தெரியாது.

சிப்பிப்பாறைக்குமே நாஞ்சில் நாடு சொந்த ஊர் இல்லை என்பதை மறக்கக் கூடாது. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிக் கிழக்கே போனால் காற்றே மாறிவிடும். வறண்ட காற்று, வறண்ட தரை. அந்த மண்ணுக்குப் பழகிய நாய். பழையாற்றங்கரையில் கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளையும் ஈரத்துக்குக் கொண்டுவந்தால் நாம்தான் சில ஏற்பாடு செய்ய வேண்டும்.

முதல் ஏற்பாடு படுக்கை. இந்த நாய்களுக்குத் தோலுக்கடியில் கொழுப்பு இல்லை. ஈரச் சிமெண்டுத் தரையில் படுத்தால் முழங்கையும் இடுப்பெலும்பும் புண்ணாகும். தரையிலிருந்து அரை அடி உயர்த்திய பழைய கட்டிலோ பலகையோ போட்டு, மேலே காய்ந்த சாக்கு விரித்து, வாரம் ஒருமுறை வெயிலில் காயப் போடுங்கள். சாரல் அடிக்காத பக்கம் பார்த்து வையுங்கள்.

அடுத்தது ஓட்டம். நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டினால் இந்த நாய் கெட்டுப்போகும். ஓயாமல் ஊளையிடும் அல்லது அடங்கிப் பயந்த நாயாகிவிடும். காலையிலும் மாலையிலும் கயிற்றில் நடத்துங்கள். அவிழ்த்துவிடுவது வேலி உள்ள இடத்தில் மட்டும். ஆடு, கோழி, பூனை எது ஓடினாலும் இதன் கால் தானாகக் கிளம்பும். அது திமிர் அல்ல, பிறவிக் குணம். குட்டியிலிருந்தே வீட்டுக் கோழியோடு பழக்கினால் ஓரளவு அடங்கும், பக்கத்து வீட்டுக் கோழிக்கு உத்தரவாதம் கிடையாது. வெயில் ஏறிய பிறகு ஓடவிடாதீர்கள். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி. ஒரே ஓட்டத்தில் அது 41 டிகிரியைத் தாண்டிவிடக்கூடும். ஓடி வந்த நாய் மூச்சிரைத்துத் தள்ளாடி, நாக்கு கருஞ்சிவப்பானால் நிழலில் கிடத்தி, உடல் முழுக்கச் சாதாரணத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

சாப்பாட்டில் இரண்டு எதிரெதிர்த் தவறுகளைப் பார்க்கிறேன். வெறும் சோறும் ரசமும் ஊற்றுவது ஒன்று. "என்ன எலும்பும் தோலுமா இருக்கு" என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள் என்று கொழுக்க வைப்பது இன்னொன்று. இந்த வகை நாய்க்குக் கடைசி இரண்டு மூன்று விலா எலும்பு தெரிவதுதான் ஆரோக்கியம். 22 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளைக்குச் சுமார் 1,100 கிலோகலோரி போதும். ஓட்டம் அதிகமானால் கொஞ்சம் கூட்டலாம். சோறோ கம்போ கேழ்வரகோ, அதோடு முட்டை, குக்கரில் முள் குழையும்வரை வேகவைத்த உப்பில்லாத சாளை மீன், கொஞ்சம் பூசணி அல்லது கேரட். நம் மாவட்டத்தில் சாளை கிடைக்கிற விலைக்கு வேறு புரதம் கிடைக்காது. கருவாடு, வெங்காயம், திராட்சை, சாக்லேட், வேகவைத்த கோழி எலும்பு வேண்டாம். தினச் சாப்பாட்டை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுத்து, சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரமாவது ஓடவிடாமல் வையுங்கள். ஆழமான மார்புள்ள நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் நோய் வரும். வயிறு பானை மாதிரி உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் வராவிட்டால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். காலை வரை தாங்காது.

கால்நடை மருத்துவரிடம் போகும்போது "இது வேட்டை வகை நாய்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இந்த வகை நாய்களில் சில மயக்க மருந்துகள் உடலில் அதிக நேரம் தங்கும், தெளிய வெகுநேரம் ஆகும். இரத்தத்தில் சிவப்பணு அளவும் மற்ற நாய்களைவிட இயல்பாகவே கூடுதலாக இருக்கும். மருத்துவருக்கு இது தெரியும். ஆனால் நீங்கள் சாக்குப்பையில் சுருட்டிக்கொண்டு வந்த கலப்பு நாய் எந்த இரத்தம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

விளையில் இருக்கும் விஷம்

இது என் துறை என்பதால் அழுத்திச் சொல்கிறேன். வாழையில் நூற்புழுவுக்கு இடும் குருணை மருந்து நாய்க்குக் கொடிய விஷம். கன்று நட்ட குழியை நாய் தோண்டி முகர்ந்து நக்கினாலே போதும். குருணை இட்டால் மண்ணால் நன்றாக மூடி, தண்ணீர் கட்டி, சில நாட்களுக்கு நாயை அந்தப் பக்கம் விடாதீர்கள். காலிப் பையை வரப்பில் எறியாதீர்கள். வயலில் எலிக்கு வைக்கும் மருந்தும் அப்படியே. செத்த எலியைத் தின்ற நாயும் சாகலாம். எச்சில் வடிந்து, உடல் நடுங்கி, கண்மணி சுருங்கிக் கிடந்தால் மருந்துப் பையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். மருந்தின் பெயர் தெரிந்தால் மாற்று மருந்து சீக்கிரம் கிடைக்கும். தேங்காய்ப்பால், புளிக்கரைசல், உப்புத் தண்ணீர் என்று வாயில் ஊற்றி நேரத்தைப் போக்காதீர்கள். நடுங்கும் நாய்க்கு ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும்.

உண்ணிக்காகப் பயிருக்கு அடிக்கும் மருந்தை நாய் மேல் தெளித்தவர்களும் இருக்கிறார்கள். மாட்டுக்கு ஊற்றும் உண்ணி மருந்தை அதே அளவில் ஊற்றியவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் வேண்டாம். ஆனால் உண்ணியைச் சும்மா விடவும் கூடாது. நம் ஈரத்தில் அது பெருகும் வேகம் அதிகம்; உண்ணிக் காய்ச்சலில் நாய் சாப்பாட்டை விடும், ஈறு வெளுக்கும், சில நேரம் மூக்கில் இரத்தம் வரும். குட்டை முடி நாய் என்றாலும் உண்ணி கண்ணில் படாமல் இருக்கலாம். காதுக்குள்ளும் கால் விரல் இடுக்கிலும் விரலால் தடவிப் பாருங்கள்.

தடுப்பூசி: தள்ளிப்போடவே கூடாதது

குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் கூட்டுத் தடுப்பூசி தொடங்க வேண்டும். மூன்று நாலு வார இடைவெளியில் 16 வாரம் வரை தொடர வேண்டும். இரத்தப் பேதியில் குட்டிகள் கொத்தாகச் சாவது பார்வோ என்ற வைரஸால். தடுப்பூசி போட்டால் தடுக்கலாம், வந்த பிறகு செலவும் அலைச்சலும்தான். எலிக்காய்ச்சலுக்கான தடுப்பும் சேர்ந்த ஊசியா என்று கேட்டுப் போடுங்கள். வயலும் வாய்க்காலும் எலியும் உள்ள நம் ஊரில் நாய்க்கு வந்தால் அதன் சிறுநீர் வழியாக உங்களுக்கும் வரும். காலில் வெடிப்போ காயமோ வைத்துக்கொண்டு நாய்க் கொட்டிலை வெறுங்காலோடு கழுவாதீர்கள்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில், மருத்துவர் சொல்லும் காலத்தில் மறு ஊசி, பிறகு ஆண்டுதோறும். விளையில் சுற்றும் நாய் கீரி, நரி, தெருநாய் எதோடு சண்டை போட்டது என்று உங்களுக்குத் தெரியாது. நாய் கடித்தாலோ, கீறினாலோ, புண்ணில் எச்சில் பட்டாலோ அந்த இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்து 15 நிமிடம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்க வேண்டாம். நேராக அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அங்கே தோலுக்குள் போடும் ஊசி என்றால் முதல் நாள், 3, 7, 28ஆம் நாள் என்று நான்கு முறை. ஆழமான கடி என்றால் காயத்திலேயே போடும் எதிர்ப்புரத மருந்தும் வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். மூன்றாவது ஊசிக்குப் பிறகு வலி போய்விட்டது என்று நிறுத்துபவர்கள் நம்மில் அதிகம். இந்த நோய் வந்துவிட்டால் காப்பாற்ற வழி இல்லை. சொந்த நாய்தானே, ஊசி போட்ட நாய்தானே என்று நீங்களே முடிவெடுக்காதீர்கள், மருத்துவர் முடிவெடுக்கட்டும்.

குட்டி வாங்கும்போது

நடுவழியில் பேருந்து நிலையத்தில் கைமாற்றித் தரும் குட்டியை வாங்காதீர்கள். வளர்ப்பவரின் இடத்துக்கே போய்த் தாயைப் பாருங்கள். தாய் மெலிந்து, புண்ணோடு, பயந்து ஒடுங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகள் சொல்கின்றன. வளர்ப்பவரிடம் அந்த விதிகளின்படி பதிவு இருக்கிறதா என்றும் கேளுங்கள். தாயும் தந்தையும் ஒரே வயிற்றில் பிறந்தவையா என்று கேட்கத் தயங்க வேண்டாம். குறைந்த எண்ணிக்கையில் உள்ள இனத்தில் இது அடிக்கடி நடக்கிறது, இனம் கெடுவதும் இதனால்தான். ராஜபாளையம் வெள்ளைக் குட்டி என்றால் அதன் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். பிறவிச் செவிடு இந்த இனத்தில் உண்டு. தட்டும்போது மற்றக் குட்டிகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. அவை திரும்புவதைப் பார்த்து இதுவும் திரும்பும். இனச் சான்று வேண்டும் என்பவர்கள் இந்திய நாய் வளர்ப்போர் கழகத்தின் பதிவைக் கேட்கலாம். ஆனால் காகிதம் இருப்பதாலேயே நாய் நல்ல நாய் ஆகிவிடாது.

சிக்கலான நோய் என்றால் நமக்கு அருகில் திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சாதாரணத் தடுப்பூசிக்கும் குடற்புழு நீக்கத்துக்கும் உங்கள் ஊர் அரசு கால்நடை மருந்தகமே போதும்.

வடகிழக்கு மழை நடக்கும்போது குட்டி கொண்டுவருவதைத் தவிருங்கள். ஈரத் தரை, உண்ணி, பேதி எல்லாம் சேர்ந்து குட்டியை வாட்டும். மழை விட்டு, கும்பப்பூ அறுவடை நெருங்கும் தை, மாசியில் கொண்டுவந்தால், ஆனி மழை பிடிப்பதற்குள் கூட்டுத் தடுப்பூசிகள் முடிந்து குட்டி கொஞ்சம் தேறியிருக்கும். கைப்பேசியில் போர்சாய் காட்டியவரும் தை வரட்டும் என்றுதான் இருக்கிறார். அதற்கு முன்னால் மின்வேலி அனுமதிக்கு மனு கொடுத்துவிட்டார். விளையில் இப்போது இரண்டு நாட்டு நாய்கள் இருக்கின்றன.